மறுகுரல்

அந்தப் படத்தில் இருப்பது கரடிதான் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அப்போது தெரிந்ததெல்லாம் கறுப்பாக ஒரு கூன் முதுகும் இரண்டு கால்களும்தான். மீதியை ஒரு வெள்ளைத் தாள் மறைத்திருந்தது. பயிற்சி நடத்தும் மேடம் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே, "என்னவா இருக்கும்னு நெனைக்கறீங்க? பத்துக்கு எவ்வளவு நிச்சயம்?" என்று கேட்டார். கரடி, பத்துக்குப் பத்து என்றேன். நான் கொல்லிமலைக்காரன், கரடியைப் பார்த்து வளர்ந்தவன். அடிவாரத்தில் பிறந்த இந்த அம்மாவுக்குக் கரடியைப் பற்றி என்ன தெரியும் என்ற திமிர் எனக்கு. தாள் முழுதும் விலகியதும் பார்த்தால், புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு குனிந்து போகும் ஒரு மனுஷன்.

"ஏனுங்க மலைக்காரரே, உங்கூர்ல கரடி புல்லுக்கட்டு சொமக்குமுங்களா?" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். அவர் முன்பு லாரி ஓட்டியவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து போயிருப்பேன். மலைக்கு ஏறும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் சந்தை நாளில் நடக்கும் வகுப்பு அது. மனச்சிதைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சில பேர் அங்கே கூடுவோம். மாத்திரை தனி, அதை நிறுத்தக் கூடாது. இந்தப் பயிற்சி மாத்திரையோடு சேர்ந்தது. மனசு எப்படி அரைகுறையாகப் பார்த்துவிட்டு முழு முடிவுக்குத் தாவுகிறது என்பதை நாமே கவனித்துப் பழக வேண்டுமாம். சந்தை நாளில் வைத்ததில் ஒரு வசதி இருந்தது. கையில் ஒரு மிளகுப் பையைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போகிறாய் என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மற்றபடி அந்த நோயின் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. இடிந்து கிடக்கும் மண்டபத்துக்குச் சொல்கிற வார்த்தையை, மிளகு விற்று வீடு கட்டிய ஒருத்தனுக்குச் சொல்கிறார்கள்.

நான் ஏன் அந்த வகுப்புக்குப் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் சில மலையூர்கள் சேர்ந்த எங்கள் குண்டனி நாட்டுச் சரிவுகளில் குரல் கொடுக்கும் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செல்போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் இறங்கினால் டவர் கிடைக்காது. தோட்டத்துக்குள் தனியாகப் போகிறவர் "ஊ... ஓய்" என்று ஓர் இழுப்பு இழுப்பார். கேட்டவர் யாராக இருந்தாலும் திருப்பிக் குரல் கொடுக்க வேண்டும். வரப்புத் தகராறில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு வீட்டார் குரலுக்கு மட்டும் குரல் கொடுத்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். மறுகுரல் வரவில்லை என்றால் அந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். வேலையைப் போட்டுவிட்டுத் தேடிப் போவார்கள்.

நோய் முற்றியிருந்த காலத்துக்குப் பிறகு, மாத்திரை ஒத்துக்கொண்டு நான் மறுபடி தோட்டத்துக்குப் போகத் தொடங்கியபோதுதான் அதைக் கவனித்தேன். நான் வீட்டை விட்டு இறங்கினால் பின்னால் ஒரு குரல் எழும். ஓடையைத் தாண்டினால் எதிர்ச்சரிவில் இன்னொன்று. பலா மரங்களைக் கடந்தால் மேலே வேறொன்று. நான் நின்றால் அவை நின்றன. நடந்தால் கூடவே நடந்தன. சரி, நாமும் மனுஷன்தானே என்று நான் ஒரு குரல் கொடுத்தால் மலையே வாயை மூடிக்கொண்டது. அந்த நாட்டிலேயே மறுகுரல் கிடைக்காத ஒரே ஆள் நான்தான்.

அதைச் சும்மா விட்டுவிட என் மனசுக்குத் தெரியவில்லை. இவர்கள் என்னை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுகிறார்கள், பள்ளத்து வளைவில் ஒருநாள் ஒருவன் காத்திருப்பான், ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் என்று கணக்குப் போட்டது. பைத்தியக்காரன் வழுக்கி விழுந்தான் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? இதற்கெல்லாம் தலைமை என் மச்சான்தான் என்று முடிவு கட்டினேன். என் மனைவியின் அண்ணன். அவர் குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி போட்ட நிலம், என் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. எனக்குப் பிறகு என் நிலம் யாருக்குப் போகும் என்று யோசித்தால் காரணமும் கையோடு கிடைத்துவிட்டது.

அந்த மிளகு சீசனில் நான் ஏணியில் ஏறவே இல்லை. எங்கள் பக்கம், கால் வைக்கக் கணுக்களில் குச்சி விட்ட ஒற்றை மூங்கில்தான் ஏணி. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திவிட்டு ஒருவர் அடியில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உச்சிவரை போய் மிளகு பறிக்க வேண்டும். பிடிக்கிறவர் கையை எடுத்தால் மேலே இருப்பவர் கதை முடிந்தது. என் மனைவி பிடிக்கிறேன் என்று வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழுத்த மிளகு கொடியிலிருந்து தானாக உதிர்ந்தது.

அவளிடம் கேட்காமல் இல்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவிங்க அவிங்க வேலைக்குக் கூப்புட்டுக்கறாங்க. நீங்க மாத்தரயப் போட்டுட்டுப் படுங்க."

மாத்திரை போட்ட பிறகும் எனக்கு மட்டும் கேட்கும் குரல்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அது எனக்கே தெரியும். அதனால் அவள் சொல்வதை நம்பிப் பார்த்தேன். நம்பிக்கொண்டே வாசலில் இறங்கினால் பின்னாலேயே "ஊ... ஓய்" என்று வரும். எது வெளியே, எது என் தலைக்குள்ளே என்று பிரிக்க முடியாமல் அந்த மார்கழி முழுக்க நான் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம்.

அந்தப் பாடுதான் என்னை வகுப்புக்குத் தள்ளியது. அங்கே ஒருநாள் இதைக் கொட்டிவிட்டேன். மேடம் பதறவில்லை. "வேற என்ன காரணமா இருக்கலாம்? எல்லாரும் சொல்லுங்க" என்று மற்றவர்களைக் கேட்டார். மாடு தேடியிருக்கலாம் என்றார் ஒருவர். தற்செயலாக இருக்கலாம் என்றார் இன்னொருவர். லாரி டிரைவர் மட்டும் சிரிக்காமல் பேசினார்.

"பின்னாடி ஹாரன் அடிக்கறவனெல்லாம் என்னையத்தான் தொரத்தறான்னு, வண்டிய நடுரோட்டுல நிறுத்திட்டு எறங்கி ஓடுனவனுங்க நானு. அவனுக்கு வழி வேணும், அடிச்சான். அம்புட்டுத்தான்."

"உங்க ஊர்க்காரங்களும் அவங்க வேலையாத்தான் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தோணுது," என்றார் மேடம். "ஆனா நான் சொல்றேன்னு நம்ப வேண்டாம். முடிவு பண்றதுக்கு முன்னாடி இன்னும் ஒண்ணே ஒண்ணு பாருங்க. நீங்களே பாருங்க."

பார்த்துவிடுவது என்று மலை ஏறினேன். மறுநாள் காலை நல்ல பனிமூட்டம். வழக்கமான பாதையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, சட்டென்று விலகி, ஒரு பெரிய பலா மரத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். கீழே மச்சான் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தார். நான் நடந்து வந்த பாதையைப் பார்த்தார். பனியில் ஆள் தெரியாமல் இப்படியும் அப்படியும் நடந்தார். பிறகு வாயருகே கையைக் குவித்துக் குரல் கொடுத்தார். எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது. அதற்கும் மேலே இன்னொன்று. கடைசிக் குரல் என் வீட்டுப் பக்கமாகப் போய் முடிந்தது.

கண்ணால் பார்த்துவிட்டேன். இது நோயில்லை. அவர் தேடியது என்னைத்தான், கூவியது என்னைப் பற்றித்தான். இனி எந்த மேடமும் என்னிடம் புல்லுக்கட்டுக் கதை சொல்ல முடியாது. மரத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். அவர் மறுபடி குனிந்து வேலையைத் தொடங்கும்வரை மூச்சுவிடவே பயமாக இருந்தது.

அடுத்த சந்தை நாளுக்குள் முடிவெடுத்துவிட்டேன். ஊரை விட்டுப் போவது. திருப்பூருக்கோ சேலத்துக்கோ, குரல் கொடுக்காத மனுஷர்கள் இருக்கிற ஏதோ ஓர் இடத்துக்கு. மிளகுப் பைக்குள் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை வைத்தேன். மாத்திரைப் பட்டையை அலமாரியிலேயே விட்டேன். அதுவும் இவர்கள் வாங்கிக் கொடுத்ததுதானே? என் மனைவி வாசலில் நின்று, "வெரசா வந்துருங்க" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காலெடுத்து வைக்க முடியாது என்று தெரியும். அவள் மேல் அவ்வளவு ஆசையும் அவ்வளவு பயமும் எனக்கு ஒரே நேரத்தில் இருந்தன.

வகுப்புக்குப் போனது பாடம் கேட்க இல்லை, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக. உட்காரக்கூட இல்லை. "என் கண்ணால பாத்தேன் மேடம். என்னையப் பாத்துத்தான் கூவறாங்க. உங்க பயிற்சியெல்லாம் நீங்களே வச்சுக்குங்க" என்றேன்.

பிரமை என்று சொல்லியிருந்தால் அந்த நொடியே வாசலைத் தாண்டியிருப்பேன்.

"அப்ப நாந்தான் தப்பா நெனச்சிருக்கேன்," என்றார். "வேலைக்குக் கூப்பிடறாங்கன்னு நானும் அவசரப்பட்டுட்டேன். நீங்க சரியா பாத்திருக்கீங்க. உங்களைப் பாத்துத்தான் கூவறாங்க. இப்ப தாள் பாதி நகர்ந்திருக்கு."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"எதுக்குக் கூவறாங்கன்னு பாத்தீங்களா?"

"அதான் சொன்னனே. என்னையத் தீத்துக்கட்டத்தான்."

"அது நீங்க பாத்ததா, நெனச்சதா?"

லாரி டிரைவர் எழுந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. மேடம் என் கையில் இருந்த பையைப் பார்த்தார். வேட்டிக் கரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "ஒரே ஒரு ஆளுகிட்ட, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதிலைக் கேட்டுட்டு என்ன வேணா முடிவு பண்ணுங்க" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் நாமக்கல் போகும் பஸ் முதலில் வந்தது. ஒரு கால் படிக்கட்டில் வைத்துவிட்டேன். கண்டக்டர் "ஏறுங்க சாமி, ஏறுங்க" என்றார். காலை எடுத்துவிட்டேன். ஏன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கரடி என்று சத்தியம் செய்தது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். மலை பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு வளைவிலும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவியிடம் கேட்பது, அவள் ஒண்ணுமில்லை என்று சொன்னால் திரும்புகிற அதே பஸ்ஸில் மலையை விட்டு இறங்கிவிடுவது என்று நினைத்துக்கொண்டேன். இந்த முறை அது பொய் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்கிறவள் ஏணியையும் விடுவாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்ததுமே குரல் தொடங்கிவிட்டது. ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் ஓடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கொடியடியில் பொறுக்கி எடுத்த மிளகைக் களத்தில் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள். கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தாள்.

"நான் நடந்தா அவிங்க கூவறது என்னையப் பத்தியா?" என்று கேட்டேன்.

வாயைத் திறந்து மூடினாள். அந்த 'ஒண்ணுமில்லீங்க' அவள் நாக்கு நுனிவரை வந்தது எனக்குத் தெரிந்தது. மறுபடி பையைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள்.

பையை விடாமல் நின்றேன்.

"நாந்தான் கூவச் சொன்னேன். அண்ணன் இல்ல, ஊரு இல்ல. நானு. மழையில பள்ளத்துல எறங்கிப் போனீங்களே, உங்களுக்கு அது நெனப்பிருக்குதா? நாடே தேடுச்சு. பாறைக்கடியில ஒக்காந்துக்கிட்டு, என்னையவே யாருன்னு கேட்டீங்க. அதுக்கப்பறம் நீங்க வாசப்படி எறங்குனா எனக்கு ஒலையில அரிசி போடக் கை வராதுங்க. அவிங்க கண்ணுல நீங்க பட்டா ஒரு குரல் குடுக்கச் சொன்னேன், ஆளைக் காணோம்னா அடுத்த சரிவுக்காரங்களக் கூவிக் கேக்கச் சொன்னேன். குரல் கேட்டா நீங்க இருக்கீங்கன்னு அர்த்தம். அதக் கேட்டுத்தான் நான் சோறாக்குறேன்."

நிம்மதி வந்தது என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம். என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அதை நோய் என்று சொல்லி மாத்திரை போட்டுப் படுக்கச் சொன்னவள் என் பெண்டாட்டி. பையைத் தூக்கி எறிந்தேன். வேட்டி மிளகின் மேல் போய் விழுந்தது.

"அப்ப நான் குரல் குடுத்தா ஏன் ஒருத்தனும் திருப்பிக் குடுக்கல?"

அதற்குப் பதில் களத்தின் ஓரத்திலிருந்து வந்தது. மச்சான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையெல்லாம் கிழங்கு மண். அந்த முகத்தைத்தான் நான் மாதக்கணக்காகப் பள்ளத்து வளைவில் கற்பனை செய்து வைத்திருந்தேன்.

"பதில் குடுத்தா நாங்க உங்களையே பாத்துக்கிட்டிருக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுரும் மாப்ள. தெரிஞ்சா வேற வழியா எறங்கிருவீங்கன்னு பயந்துட்டோம். குரலுக்குக் குரல் குடுக்காம விட்டது பெரிய தப்புங்க. வாய் வரைக்கும் வரும், முழுங்கிக்குவேன்."

அவர் அழுதார். என்னைவிட மூத்தவர், அழுது நான் பார்த்ததில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பும் பஸ் போன சத்தம் ரோட்டுப் பக்கம் கேட்டது. அவள் வேட்டியை எடுத்து, ஒட்டிய மிளகை உதறி, மடித்து உள்ளே கொண்டுபோனாள். வரும்போது மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த சந்தை நாளில் அவளும் என்னோடு வந்தாள். மேடம் அவளைத் திட்டவில்லை. "எது நெசம், எது இல்லைன்னு அவருக்குச் சந்தேகம் வந்தா கேட்டுப் பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்மா. நீங்களே மறைச்சா அவரு யாருகிட்டப் போய்க் கேப்பாரு?" என்று மட்டும் சொன்னார். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். எனக்கு அப்போதுதான் பழைய குணம் கொஞ்சம் திரும்பியது. "வேலைக்குத்தான் கூப்புடறாங்கன்னு சொன்னீங்களே மேடம், பத்துக்கு எவ்வளவு நிச்சயமா இருந்தீங்க?" என்று கேட்டேன். எட்டு என்று ஒத்துக்கொண்டார். லாரி டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் ஒளிந்து பார்ப்பதில்லை. வீட்டை விட்டு இறங்கியதும் நானே குரல் கொடுப்பது, கேட்டவர்கள் திருப்பிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். முதல் நாள் ஓடைக்கரையில் நின்று குரல் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு மச்சானின் கரகரத்த குரல் வந்தது, எதிர்ச்சரிவிலிருந்து ஒன்று வந்தது, கடைசியாக வீட்டுப் பக்கமிருந்து அவள் குரல். நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதேன். நோய் போய்விட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சில வாரங்களில் பழைய கணக்கு மறுபடி தலைதூக்கும். அப்போது மச்சானைப் பார்த்தால் வேறு பாதையில் போய்விடுவேன். அவரும் விட்டுவிடுவார்.

இந்தத் தை மாதம் நானும் அவளும் மேல்தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போனோம். ஏணியை மரத்தில் சாத்தியபோது பள்ளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவாக, என் பெயரைச் சொல்லி. மறுபடியும் கேட்டது. அந்தப் பக்கம் யாருக்கும் காடோ தோட்டமோ கிடையாது. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தேன்.

"பள்ளத்துல யாரோ என்னையக் கூப்புட்டாங்க. உனக்குக் கேட்டுச்சா புள்ள?"

அவள் பள்ளத்தின் பக்கம் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இல்லீங்க. எனக்குக் கேக்கல."

அன்றைக்கு ஆமாங்க என்று சொன்ன அதே வாய். அதனால் இந்த 'இல்லீங்க'வை நம்பினேன். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் ஏழு சொல்வேன். கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். கீழே அவள் மூங்கிலை இறுக்கிப் பிடிப்பது என் பாதத்தில் தெரிந்தது. ஏறினேன்.